வேலை போனதுக்கு 43 பேர் வாழ்த்து சொன்ன கதை

வேலை போய் மூணாவது வாரம். வேலை தேடறதுக்குன்னே இருக்கிற ஒரு தளத்துல உக்காந்து என் ப்ரொஃபைலைச் சரி பண்ணிட்டு இருந்தேன். பழைய கம்பெனிக்கு நேரா முடிஞ்ச தேதியைப் போட்டதும் மேல ஒண்ணுமே இல்லாம வெறிச்சுன்னு இருந்துச்சு, பாக்கவே ஒரு மாதிரி இருக்கேன்னு, யாரோ எப்பவோ சொன்ன ஐடியாவை நம்பி, புது வேலை சேக்கற இடத்துல பதவிங்கிற கட்டத்துக்குள்ள "புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன்"னு அடிச்சு சேவ் குடுத்துட்டேன். இந்த மாத்தத்தை எல்லாருக்கும் சொல்லட்டுமான்னு கேக்கற குட்டி பட்டன் ஒண்ணு அங்க இருந்திருக்கு. ஆன்ல இருந்திருக்கு. நான் கவனிக்கல.

சாயங்காலத்துக்குள்ள 43 பேர் "வாழ்த்துக்கள்"னு அனுப்பிட்டாங்க. அதுல ரெண்டு பேர், என்னை வேலையை விட்டு அனுப்பின அந்த மீட்டிங்லயே உக்காந்திருந்தவங்க. இன்னொருத்தர் "உங்க உழைப்புக்குக் கிடைச்ச பரிசு"ன்னு வேற போட்டிருந்தார். பாவம், அவங்க மேல தப்பில்ல, வாழ்த்து வரியையே தளம் ரெடியா நீட்டுது, கட்டைவிரல் பட்டாப் போயிடும், எதுக்குன்னு யாரு படிக்கப் போறா.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. சரி இருக்கிற எல்லா கணக்கையும் ஒரு தடவை பாத்துடலாம்னு ஒவ்வொண்ணா திறந்தேன். மொத்தம் ஆறு. ஆறுலயும் ஆறு பொம்பளைங்க இருந்தாங்க, ஒருத்திக்கு இன்னொருத்தியைத் தெரிஞ்சிருக்குமான்னே சந்தேகம். 2007ல இருந்து நான் பண்ண கூத்தெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு, அதைத்தான் எழுதறேன், யாருக்காவது உதவினா சரி.

ஆர்குட் காலத்துல ஆரம்பிச்சது இது. இப்ப இருக்கிற பசங்களுக்கு அது தெரியாது, ஃபேஸ்புக் மாதிரி ஒரு சமூக வலைத்தளம், 2004ல வந்து 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடிட்டாங்க. அதுல ப்ரொஃபைல்னா ஒரு பரீட்சை பேப்பர் மாதிரி, உன்னைப் பத்தி சொல்லு, நீ இல்லாம வாழ முடியாத அஞ்சு பொருள் என்ன, உனக்கு ஏத்த ஜோடி எப்படி இருக்கணும்னு கேள்வியா வரும். நான் அஞ்சு பொருள்ல நாலை ஒரு சீனியரோட பக்கத்துல இருந்து அப்படியே காப்பி அடிச்சேன். "என்னைப் பத்தி" கட்டத்துல "என் நண்பர்களைக் கேளுங்கள்"னு எழுதினேன், அந்த வருஷம் பாதி பேர் அதைத்தான் எழுதியிருந்தாங்க. அப்புறம் அந்த நண்பர்கள்கிட்டயே போய் டெஸ்டிமோனியல், அதாவது என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை, எழுதுடி எழுதுடின்னு கெஞ்சணும். அவங்க எழுதினாலும் நாம ஒத்துக்கிட்டாதான் வெளியில தெரியும். என் ரூம்மேட் உண்மையை மட்டும் எழுதினா, நான் அதை ஒத்துக்கவே இல்ல, அவளும் கேக்கல. ஸ்மைலி, ஐஸ் கட்டி, இதயம்னு மூணு படம் போட்டு நம்மளை நம்பலாமா, கூலா, அழகான்னு மத்தவங்க மார்க் வேற போடுவாங்க. இப்ப லைக்குன்னு நாம புலம்பறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அந்தப் பக்கத்துல என் முகம் கிடையாது. ரோஜாப்பூ. பொண்ணுங்க நிறைய பேர் அப்படித்தான் வச்சிருந்தோம், பூ இல்லன்னா குழந்தை, இல்லன்னா முதுகு காட்டிட்டு கடலைப் பாக்கற ஒருத்தி. முகம் வைக்கலன்னா "ஃபேக் ஐடியா?"ன்னு கேப்பாங்க, வச்சா "ஹாய் டியர்"னு வரும். ரெண்டையும் பல வருஷம் மாத்தி மாத்திப் பாத்துட்டேன், ரெண்டுமே வரும். இப்ப நான் பண்றது, வேலை சம்பந்தப்பட்ட இடத்துல தெளிவா முகம், மத்த இடத்துல எனக்குத் தோணினது. மெசேஜ் யார் அனுப்பலாம், டேக் யார் பண்ணலாம்ங்கிறதை செட்டிங்ல போய் இறுக்கி வச்சேன். படத்தை மாத்தறதை விட அதுதான் வேலை செஞ்சுச்சு.

அடுத்தது பேர். கல்யாணம் ஆன அந்த வாரமே, யாரும் சொல்லாமலே, ஃபேஸ்புக்ல என் பேரோட அவர் பேரையும் சேத்துட்டேன். ஆசையாத்தான் பண்ணேன், இல்லன்னு சொல்லல. (அவர் பண்ணது என்னன்னா ஒரே ஒரு கல்யாண போட்டோவை ப்ரொஃபைல் படமா வச்சதுதான், அதையும் நாலு மாசத்துல எடுத்துட்டு பைக் படம் வச்சுட்டார்.) ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா, காலேஜ் பசங்க ஒரு சந்திப்பு போட்டு என்னைத் தவிர எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. தேடினோம் கிடைக்கலன்னாங்க. நான் பழைய பேர்லயே பேசின ஒரு டெக்னிக்கல் கூட்டத்தோட வீடியோ இருந்துச்சு, புது பேர்ல அப்ளிகேஷன் போட்ட இடத்துல அதுல இருக்கறதும் நீங்களும் ஒரே ஆளான்னு கேட்டு மெயில் அனுப்பினாங்க. பேரை மாத்தறது தப்பே இல்ல, மாத்தாம இருக்கறதும் தப்பில்ல. ஆனா மாத்தினா ஃபேஸ்புக்ல "மற்ற பெயர்கள்"னு ஒரு இடம் இருக்கு, பழைய பேரை அதுல போட்டு பேருக்குப் பக்கத்துலயே தெரியற மாதிரி வச்சுடுங்க. அவசரப்பட்டும் மாத்தாதீங்க, ஒரு தடவை மாத்தினா 60 நாள் கழிச்சுதான் மறுபடியும் மாத்த விடும். எனக்கு இன்னைக்கும் ரெண்டு இடத்துல ஒரு பேர், ரெண்டு இடத்துல இன்னொரு பேர், ஒரு இடத்துல "அம்மு", ஆறாவதோட கதை அப்புறம்.

அந்த அம்மு கதையைச் சொல்லியே ஆகணும். வாட்ஸ்அப் போட்ட புதுசுல அது பேர் கேட்டுச்சு, வீட்ல கூப்பிடறதை அடிச்சுட்டு மறந்துட்டேன். நம்ம நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு அந்தப் பேர் கண்ல படாது, அவங்க எப்படி சேவ் பண்ணாங்களோ அப்படித்தான் தெரியும். சேவ் பண்ணாதவங்களுக்குத்தான், குரூப்ல, முன்னாடி ஒரு வளைஞ்ச கோடு போட்டு அந்தப் பேர் வரும். எட்டு வருஷமா எனக்கு இது தெரியாது. புது ஆபீஸ்ல சேந்த முதல் நாள் 60 பேர் இருக்கிற குரூப்ல என்னை சேத்தாங்க, நான் ரொம்ப ஃபார்மலா வணக்கம் போட்டேன், மேனேஜர் "வெல்கம் அம்மு"ன்னு பதில் போட்டார். அவர் மேல என்ன தப்பு, அதுதானே என் பேருன்னு காட்டுது. ஒரு வாரம் அம்மு மேடம்தான். எதுக்குச் சொல்றேன்னா, உங்க ப்ரொஃபைலை நீங்க பாக்கற மாதிரி மத்தவங்களுக்குத் தெரியாது. உங்க நம்பரே இல்லாத ஒருத்தர் போனை வாங்கி ஒரு தடவை உங்களை நீங்களே பாருங்க. லாக் அவுட் பண்ண ப்ரவுசர்ல உங்க பேரைத் தேடிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா வயித்தைக் கலக்கும்.

வாட்ஸ்அப்ல படத்துக்கு இருக்கிற மதிப்பே தனி. 2009ல அது ஆரம்பிச்சப்ப மெசேஜ் அனுப்பற ஆப்பாவே இல்ல, பேருக்குப் பக்கத்துல நான் பிஸி, ஜிம்ல இருக்கேன்னு ஸ்டேட்டஸ் காட்டத்தான் பண்ணாங்க. அந்தப் புத்தி நம்மளை விட்டு இன்னும் போகல, டிபியைப் பாத்தே வீட்டு நிலவரத்தைச் சொல்ற ஆளுங்க சொந்தத்துல இருக்காங்க. ஒரு தடவை புதுப் படம் வைக்கறதுக்காக பழசை எடுத்துட்டு அப்படியே தூங்கிப் போயிட்டேன். காலைல ஏழு மணிக்குள்ள மூணு போன். என்னம்மா ஆச்சு, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க, மாப்பிள்ளையோட சண்டையான்னு அத்தை. நிஜமாவே வேலை போச்சே, அந்த மூணு வாரமும் டிபில நான் பல்லு தெரிய சிரிச்சுட்டுதான் இருந்தேன். ஒரு போன் வரல.

இதை ரொம்ப நாள் யோசிச்சேன். பயோ, அதான் ப்ரொஃபைல்ல நம்மளைப் பத்தி எழுதற குட்டி அறிமுகம், அதை எழுதும்போது நம்ம மனசுல ஒரு ஆள் உக்காந்திருக்காங்க, அவங்க படிச்சு அசந்து போகணும்னுதான் ஒவ்வொரு வரியும் எழுதறோம். ஆர்குட்ல அது ஒரு சீனியர், ஃபேஸ்புக்ல மாமியார் வீட்டு ஆளுங்க, வேலைத் தளத்துல எனக்கு முன்னாடி ப்ரமோஷன் வாங்கின ஒருத்தி. இதுல ஒருத்தர் கூட என் பயோவைப் படிச்சதா தெரியல. படிச்சவங்க வேற, இன்டர்வியூ எடுக்கறவங்க, வீட்டு ஓனர், என் படத்தைத் திருடினவன்.

திருடினவன்னு சொன்னேன்ல. என் படம், என் பேர், என் பயோ, அச்சு அசலா ஒரு கணக்கு. என் நண்பர்கள் பட்டியல் எல்லாருக்கும் திறந்து கிடந்துச்சு, அதை வச்சு ஒவ்வொருத்தருக்கா ரிக்வெஸ்ட் குடுத்து, அவசரம் கொஞ்சம் பணம் அனுப்புங்கன்னு மெசேஜ். நல்லவேளை அத்தைக்கு வந்த மெசேஜ் "ஹாய் ஆன்ட்டி"ன்னு ஆரம்பிச்சிருக்கு. நான் பொறந்ததுல இருந்து அவங்களை அத்தைன்னுதான் கூப்பிடறேன், அதுவும் வா போன்னு, இவ என்ன திடீர்னு ஆன்ட்டி, வாங்க போங்கங்கிறான்னு சந்தேகப்பட்டு போன் பண்ணிட்டாங்க. நான் தேடினா அந்தக் கணக்கு எனக்குத் தெரியவே இல்ல, ஏன்னா அவன் முதல் வேலையா என்னை ப்ளாக் பண்ணிட்டான். இது தெரியாம அரை நாள் அப்படி ஒண்ணும் இல்லையேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். இந்த மாதிரி ஆனா, அந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியற நண்பர்கிட்ட சொல்லி அந்தப் பக்கத்தோட லிங்க்கையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் வாங்கிக்கோங்க, ஆள்மாறாட்டம்ங்கிற காரணத்தைத் தேர்ந்தெடுத்து நீங்களும் ரிப்போர்ட் பண்ணுங்க, அவங்களையும் பண்ணச் சொல்லுங்க, உங்க நிஜக் கணக்குல உடனே ஒரு எச்சரிக்கை போடுங்க. அதுக்கெல்லாம் முன்னாடி நண்பர்கள் பட்டியலை மூடுங்க. நம்மளை மாதிரி வேஷம் போடறவனுக்கு நம்ம படம் மட்டும் இருந்து என்ன பண்ணுவான், நம்மளை யாரெல்லாம் நம்புவாங்கன்னு தெரிஞ்சாத்தானே அவன் பொழப்பு ஓடும்.

பிறந்த வருஷத்தையும் போன் நம்பரையும் அன்னைக்கே எடுத்துட்டேன். 2021ல 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களோட விவரம் இணையத்துல சும்மா கிடந்துச்சு ஞாபகம் இருக்கா, போன் நம்பர், பேர், பலருக்குப் பிறந்த தேதி எல்லாம் சேத்து. பிறந்தநாள் வாழ்த்து வரணும்னா தேதியும் மாசமும் போதும், வருஷம் எதுக்கு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்குக்கு வரேன். 2012ல ட்விட்டர்ல (இப்ப அது பேர் எக்ஸ்) முகம் இல்லாம, வேற பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சேன். ஆபீஸ் கிண்டல், மாமியார் கிண்டல், ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பயம், படிச்ச கவிதை எல்லாம் அங்கதான். பொய்ப் பேர்ல இருந்த அந்த ஆறாவது பொம்பளைதான் ஆறு பேர்ல உண்மையானவ, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். முகமூடி போட்டவன் எல்லாம் திருடன்னு பேசறவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும். கூகுள் நடத்தின கூகுள் ப்ளஸ்ங்கிற சமூக வலைத்தளம் 2011ல உண்மைப் பேர்தான் வேணும்னு அடம் பிடிச்சு பெரிய சண்டையாகி, 2014ல அவங்களே அந்த விதியை எடுத்தாங்க. ஃபேஸ்புக்லயும் அதே 2014ல மேடைப் பேர்ல இருந்த கலைஞர்கள் கணக்கெல்லாம் முடங்கி, கடைசியில கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. வேற பேர் வைக்க ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கும்.

ஆனா நாலு வருஷத்துல மாட்டிக்கிட்டேன். கூட வேலை பாத்த ஒருத்தர் லிஃப்ட்ல மெதுவா "அந்த மாமியார் ட்வீட் சூப்பருங்க"ன்னார். எப்படின்னா, கணக்கு திறக்கும்போது சரிபாக்க என் சொந்த நம்பரைக் குடுத்திருந்தேன், அவர் போன்ல என் நம்பர் இருக்கு, அவர் தன்னோட கான்டாக்ட்ஸை ஏத்தினப்ப உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம்னு என்னைக் கொண்டு போய் அவர் முன்னாடி நிறுத்திடுச்சு. நம்பரை வச்சு என்னைக் கண்டுபிடிக்கலாம்ங்கிற செட்டிங் ஆன்ல இருந்திருக்கு. திரும்பவும் அந்த குட்டி பட்டன்தான் பாருங்க. ஆளைக் காட்டாம எழுதணும்னா தனி மெயில் ஐடி, முடிஞ்சா தனி நம்பர், நம்பர் வழியா மெயில் வழியா கண்டுபிடிக்கறதை ரெண்டையும் அணைக்கணும், உங்க கான்டாக்ட்ஸையும் ஏத்த விடக்கூடாது. வேற எங்கயாவது போட்ட படத்தை அங்க போடவே கூடாது, படத்தை வச்சே தேடற வசதி டின்ஐங்கிற தளத்துல 2008லயே வந்தாச்சு, கூகுள்ல 2011ல. பேசற விதமும் காட்டிக் குடுக்கும். நான் எதுக்கெடுத்தாலும் "அதானே பாத்தேன்"னு சொல்ற ஆள், அங்கயும் அதையே எழுதியிருக்கேன். அவர் யார்கிட்டயும் சொல்லல, நல்ல மனுஷன். ஆனா அதுக்கப்புறம் மாமியாரைப் பத்தி எழுத கை வரல.

பயோல என்ன எழுதறதுங்கிறதுக்கு வருவோம், வேலை போனவங்க நிறைய பேர் இதைத்தான் கேக்கறாங்க. இடம் ரொம்பக் கம்மி. இன்ஸ்டாகிராம் 150 எழுத்து, ட்விட்டர் 160, வாட்ஸ்அப் அபவுட் 139, ஃபேஸ்புக் 101. தமிழ்ல எழுதினா இன்னும் கம்மி, ஏன்னா கம்ப்யூட்டர் கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். "தமிழ்"ங்கிறது நமக்கு மூணு எழுத்து, அதுக்கு அஞ்சு. நான் ஒரு முழு வாக்கியம் யோசிச்சு வச்சு, பாதில வெட்டுப்பட்டு "வாழ்க்கையை ரசி"ன்னு நின்னது. ஒரு மாசம் அப்படியே இருந்துச்சு, ரசிக்கிறவள்னு எழுத வந்தது.

என் பழைய பயோ "கனவு காண்பவள், பயணி, படைப்பாளி". பயணின்னா, அதுவரைக்கும் மொத்தம் ரெண்டு டூர் போயிருந்தேன், அதுல ஒண்ணு ஆபீஸ் செலவுல. இந்த மாதிரி வார்த்தைங்களை யார் வேணா யாருக்கு வேணா வச்சுக்கலாம், அதனாலயே அது யாரையும் குறிக்காது. வேலைத் தளத்துல "ஆர்வமிக்க தர நிபுணர்"னு இருந்ததை எடுத்துட்டு "மருத்துவமனை சாஃப்ட்வேர்களை டெஸ்ட் பண்றேன், 11 வருஷமா. மருந்து அளவு தப்பா காட்டற பிழைகளைக் கண்டுபிடிக்கறது என் வேலை"ன்னு போட்டேன். ரெண்டு வாரத்துல ஒரு போன், அந்த ரெண்டாவது வரியைப் பத்தியே கேட்டாங்க. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு நான் சொல்லல, என் நல்ல நேரமும் சேந்துச்சு. ஆனா நீ எப்படிப்பட்டவங்கிறதை விட என்ன செஞ்சன்னு சொல்றது எழுதவும் ஈஸி, படிக்கறவங்களுக்குக் கேள்வி கேக்கவும் ஈஸி. அந்தத் தளத்துல பேருக்குக் கீழ வர்ற வரி நீங்க எங்க கமென்ட் போட்டாலும் கூடவே வரும், பெரும்பாலும் பாதிதான் தெரியும், அதனால முக்கியமானதை முதல் நாலஞ்சு வார்த்தைக்குள்ள வைங்க. "முன்னாள்"னு போட்டு பழைய பெரிய கம்பெனி பேரைத் தொங்க விடறது இருக்கே, அது எனக்குப் பிடிக்கல, வேலை போன புதுசுல நானும் போட்டேன், விவாகரத்து ஆனவ பழைய வீட்டு சாவியை இடுப்புல சொருகிட்டுத் திரியற மாதிரி இருந்துச்சு. அதுவும் அதைப் பாத்துட்டு முன்பின் தெரியாத ஒரு பையன் அக்கா எனக்கு அங்க ஒரு ரெஃபரல் வாங்கித் தர முடியுமான்னு கேட்டான். என்னத்தச் சொல்ல.

"கருத்துகள் என் சொந்தக் கருத்துகள்"னு போடறதும் பெரிசா ஒண்ணும் காப்பாத்தாது. ஒரு இன்டர்வியூல எதிர்ல இருந்தவர் அந்த வரியோட சேத்து அதுக்குக் கீழ நான் எழுதினதையும் வாசிச்சுக் காட்டினார், சிரிச்சுட்டேதான். நானும் சிரிச்சேன். வேலை கிடைக்கல, அதனாலதானான்னு தெரியாது.

மத்தவங்க ப்ரொஃபைலைப் படிக்கறதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ட்விட்டர்ல நீல டிக் 2009ல வந்தப்ப இவர் நிஜமாவே அவர்தான்னு அர்த்தம். 2022 நவம்பர்ல அது மாசம் 8 டாலர் குடுத்தா கிடைக்கிற பொருளாச்சு, 2023 ஏப்ரல்ல பழைய டிக்கையெல்லாம் எடுத்துட்டாங்க. நான் இன்னும் பழைய ஞாபகத்துலயே டிக் இருந்தா நம்பிட்டு இருந்தேன். இப்ப இன்ஸ்டாகிராம்ல சந்தேகமா இருந்தா, மேல மூணு புள்ளியை அமுக்கி அந்தக் கணக்கைப் பத்திங்கிறதைப் பாப்பேன், எப்ப ஆரம்பிச்சது, யூசர்நேம் எத்தனை தடவை மாத்தியிருக்காங்கன்னு பல கணக்குக்குக் காட்டும். பத்து வருஷ டாக்டர்னு பயோ, கணக்கு ஆரம்பிச்சு ரெண்டு மாசம், அதுக்குள்ள பேர் அஞ்சு தடவை மாறியிருக்குன்னா நான் மருந்து கேக்க மாட்டேன்.

அந்த ராத்திரி ஆறையும் ஒவ்வொண்ணா திறந்தேன்னு சொன்னேன்ல, உண்மையில அஞ்சுதான். ஆறாவதை, அந்த முகமில்லாத கணக்கை, ஒண்ணும் பண்ண முடியல. லிஃப்ட் விஷயத்துக்கு அப்புறம் பயந்து அதுல இருந்து என் நம்பரை எடுத்துட்டு, அப்ப கையில இருந்த ஆபீஸ் மெயில் ஐடியைக் குடுத்திருக்கேன். பாஸ்வேர்டு மறந்து போச்சு. ரீசெட் லிங்க் அந்த மெயிலுக்குத்தான் போகும், வேலை போன அன்னைக்கே மெயிலையும் முடக்கிட்டாங்க. சப்போர்ட்டுக்கு மூணு தடவை எழுதினேன், நீங்கதான் அவங்கன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. பேர் வேற, முகம் கிடையாது, நம்பர் நானே எடுத்துட்டேன், எதை வச்சு நிரூபிக்க. இப்பவும் அப்பப்ப வெளியில இருந்து போய்ப் பாப்பேன், பயோ அப்படியே இருக்கு, "மாமியாருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிய வேண்டாம்"னு.